முருங்கைத் தூர்

அணு உலை வெடித்து, அதன் தூசி மழையோடு ஊருக்குள் இறங்கிய பிறகு, முகமூடிக்காரர்கள் வந்து வீடுவீடாக மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். பொற்கொடி வீட்டுக் கொல்லையில் புதுமண்ணைக் கொட்டிவிட்டு, "இனிமே இங்க விளையறதைத் தின்னலாம்மா" என்றார்கள். ஆனால் சோதனைக்கென்று குப்பியில் வாங்கிப்போன அவளுடைய தாய்ப்பாலில் அந்தத் தூசியின் விஷம் இருந்தது. "குழந்தைக்குக் கொடுக்காதீங்க. பீய்ச்சிக் கொட்டிடுங்க."

சீழைப் பிதுக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு பீய்ச்சினாள். சாக்கடையில் ஊற்றப் போனவளை நாத்தனார் மரகதம் தடுத்தாள்.

"தாய்ப்பாலைப் போய் சாக்கடையில ஊத்துவாங்களா அண்ணி? கால் படாத இடமா, மரத்தடியில ஊத்துங்க."

கொல்லையில் இருந்தது ஒரே ஒரு முருங்கை. வேளாவேளைக்கு அதன் தூரில் ஊற்றினாள். பாலை எறும்பு மொய்த்தது. எறும்பைக் கோழி கொத்தித் தின்றது. ஈரத்தில் புளித்த வாடை எழும்ப, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவருவாள்.

சில மாதம் கழித்து, இனிக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் மார்பு வற்றியிருந்தது. அதுவரை கொடுத்துவந்த மாவுப்பாலும் தீர்ந்துபோக, பசியில் குழந்தை வீறிட்டது.

மரகதம் சோற்றுத் தட்டோடு வந்தாள். முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றிய பொரியல்.

"சாப்பிடுங்க அண்ணி, பால் நல்லா ஊறும். நம்ம மரம் என்னமா தழைச்சிருக்கு பாருங்க! முட்டையும் நம்ம கோழியோடதுதான்."

பொற்கொடி ஒரு கவளத்தைப் பிசைந்து எடுத்தாள். அதிலிருந்து அந்தப் புளித்த வாடை வந்தது. மடியில் குழந்தை அழுகையை நிறுத்திச் சப்புக்கொட்டியது.