கடைவாய்ப்பல்

“மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் சார். இந்தப் பல்லுக்குச் சொந்தக்காரி, நீங்க சொன்னதைவிட நாலு வயசு சின்னவங்க” என்றார் ஆய்வுக்கூட உதவியாளர்.

பல் உருவானபோது சேர்ந்த கார்பன் அதிலேயே தங்கிவிடும். அளந்தால் பிறந்த வருடம் தெரிந்துவிடும். ஆயிரமாயிரம் வருடத்து எலும்புக்கெல்லாம் வயது சொன்ன பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை.

“மெஷின்ல கோளாறு இருக்குமோ?”

“சான்ஸே இல்ல சார். போலீஸ் கேஸா? ஆள் உயிரோட இருக்காங்களா?”

“இருக்கா.”

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, போன வாரம் பல் பிடுங்கிய கன்னத்தைத் தடவியபடி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறப்புச் சான்றிதழே இல்லாதவளை அசத்தலாமென்றுதான் அந்தப் பல்லை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போயிருந்தார்.

“உன் பல்லைப் பொடிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நம்ம கல்யாணத்தப்போ உனக்குப் பத்தொன்பதுன்னு உங்கப்பா சொன்னாரே... பதினஞ்சுதானா?”

“ஆமா.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன?” அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். “இதுக்குப் போய் பல்லைப் பொடிக்கணுமா? கல்யாணத்தன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”