தேடும் முள்

கடலுக்குப் போய்த் திரும்பாத வேலாயுதத்தின் படங்கள் அந்தப் பழைய ஹார்டு டிஸ்கில் மட்டுமே இருந்தன. அதைக் கணினி பழுது பார்க்கும் நசீரிடம் வேலாயுதத்தின் மனைவி பொன்னரசியும் தம்பியும் கொண்டுவந்திருந்தார்கள். திரையில் பிழைச் சோதனை பன்னிரண்டு விழுக்காட்டிலேயே நின்றது.

“செத்துப்போச்சா பாய்?” என்றான் தம்பி.

“இல்லப்பா. உள்ள தட்டு மேல ஒரு முள் ஓடுது. கெட்டுப்போன இடத்துல படிக்க முடியலன்னா, அங்கயே திரும்பத் திரும்பப் போய்த் தேடும். வெளிய நின்னு பாத்தா நின்னுட்ட மாதிரிதான் தெரியும். அந்த இடத்தத் தாண்டச் சொன்னா, மத்த படமெல்லாம் இப்பவே வந்துரும்.”

“தாண்டச் சொல்லுங்க பாய். நாளைக்கு அண்ணனுக்குக் காரியம். படத்துக்கு மாலைகூடச் சொல்லியாச்சு.”

பொன்னரசி குனிந்து டிஸ்கில் காதை வைத்தாள். மெல்லிய சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

“தாண்ட வேணாம் பாய்,” என்றாள். “அது தேடட்டும்.”