பன்னிரண்டாவது பெயர்

சோபனாவுக்கு இன்னும் ஒரே ஒரு பெயர் வேண்டும்.

கணினிப் படிப்பின் பக்கமே எட்டிப் பார்க்காத பெண்களுக்கு மென்பொருள் எழுதச் சொல்லிக்கொடுக்கும் இலவச வகுப்பு அது. அவள் வேலை பார்க்கும், பொலிடெக் என்று சொல்லப்படும் தொழில்நுட்பக் கல்லூரியில் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நடக்கும். பதினொன்றோடு நின்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

பதினோராவதாகச் சேர்ந்த பத்மாவதி நியூ லின் சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நிற்பவள். வகுப்புக்காகவே காலை வேலையை விட்டுக்கொடுத்து மாலை ஷிப்டுக்கு மாறியிருந்தாள். வகுப்பு நடக்கும்தானே என்று தினமும் மெசேஜ் போட்டுச் சோபனாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் சனிக்கிழமை மதியம், மவுண்ட் ஆல்பர்ட் மண்டபத்தில் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு விடும் நேரம் பார்த்து, சோபனா மைக்கைப் பிடித்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஆளுக்கொரு சேர்க்கைப் படிவத்தோடு தப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கட பிள்ளையள் எல்லாரும் டொக்டராத்தான் வரவேணுமோ? பொலிடெக்கில படிச்சா மரியாதை குறைஞ்சிடுமோ? உனக்கு என்ன பிடிக்குமெண்டு மகளிட்ட ஒருநாளாவது கேட்டனீங்களோ?”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கைதட்டக் காசா, பணமா?

ஒரு தாய் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு படிவத்தால் விசிறியபடி சிற்றுண்டி மேசையில் இருந்த ரோல்ஸ் தட்டுப் பக்கம் நகர்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு நிரப்பிய படிவங்களைப் போடுவதற்காக வாசலில் வைத்திருந்த பெட்டியைச் சோபனா திறந்தாள்.

ஒரு சொக்லேட் தாள். அதன் கீழே, நான்காக மடித்த ஒரு படிவம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மடிப்பைப் பிரிக்குமுன்னே பத்மாவதிக்கு ‘வகுப்பு நடக்கும்’ என்று தட்டிவிட்டாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பிரித்தாள். வயது பதினெட்டு. ஏன் இந்தப் படிப்பு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி: எனக்கு இது பிடிக்கும், ஆனால் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு பெயரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

பத்மாவதியின் முகம் மனதில் வந்து நின்றது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தட்டிய மெசேஜை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். படிவத்தை எட்டாக மடித்து, கைப்பைக்குள் அடியில் திணித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிப் பிரிவுத் தலைவி எலிசபெத்தின் அழைப்பு வந்தது. பன்னிரண்டாவது ஆள் கிடைத்தாளா என்று கேட்டார்.

“இல்லை எலிசபெத். நானும் தொண்டை கிழியக் கத்திப் பாத்திட்டன். எங்கட தாய்மார் திருந்த இன்னும் கனகாலம் எடுக்கும்.”

எலிசபெத் பெருமூச்சு விட்டார். சோபனாவும் விட்டாள், அதுவும் உண்மையாகவே.

வெளியே காரில் மகள் சிவானி காத்திருந்தாள். மருத்துவ நுழைவுத் தேர்வு டியூஷனுக்கு இரண்டு மணிக்குள் அவளைப் பக்குரங்காவில் இறக்க வேண்டும்.

யாராவது பெயர் போட்டிருந்தார்களா என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்றாள் சோபனா.

ஒரு மணி நேரத்துக்கு முன் அந்தப் பெட்டியில் தன் பெயரை எழுதிப் போட்ட சிவானி, சரி என்று தலையாட்டிவிட்டு, உயிரியல் புத்தகத்தைத் திறந்தாள்.