பத்தடித் தூரத்து வெடி

படிவத்தில் ஐந்தாவது கேள்வி: உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று கோடு போட்டார் கனகசிங்கம். நாற்பத்துநாலு வருடமாக இடுப்பெலும்போடு ஒட்டிக் கிடக்கும் பாழாய்ப்போன குண்டு. அதனால்தான் எம்.ஆர்.ஐ.க்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஸ்காபரோ கிளினிக்கில் இருத்தி வைத்திருந்தார்கள்.

வெளியே மகள் மிதுஷா காத்திருந்தாள். கட்டினால் அலெக்ஸாண்டரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா சம்மதிக்காமல் கட்டவும் மாட்டாளாம்.

பெடியன் தங்கமான பெடியன். ஆனால் தகப்பன் இக்னேசியஸ்.

மட்டக்களப்பில் ஒரு குளத்தங்கரைக்குப் பன்றி வேட்டைக்குப் போன இடத்தில், பத்தடி பின்னால் ரைபிளோடு நின்றவன் அவன்தான். தன் வெடி இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். பிறகென்ன, பன்றியா சுட்டது? அன்றோடு முறிந்த சிநேகிதம், புலம்பெயர்ந்து வந்து இங்கே மில்லிக்கனில் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தும் ஒட்டவில்லை. கலியாண வீட்டில் அவன் மண்டபத்துக்குள் என்றால் இவர் கார்ப் பார்க்.

எக்ஸ்ரே எடுத்த நிலாணி திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஒவ்வொரு நவம்பரும் புருஷனோடு மான் வேட்டைக்குப் போகிற பிள்ளை. என்ன குண்டு என்று கேட்டாள். சிநேகிதன் ரைபிளில் போட்டிருந்த, மூக்கில் ஈயம் தெரிகிற வேட்டைக் குண்டு, பத்தடியில் இருந்து பட்டது என்றார்.

“பத்தடியோ? நோ வே அங்கிள். அந்த ஈய மூக்குக் குண்டு, சொஃப்ட் பொயின்ற், கிட்டத்திலை பட்டா காளான் மாதிரி விரிஞ்சு, ஈயம் தூள் தூளாச் சிதறியிருக்கும். இது முழுசாக் கிடக்கு. எங்கேயோ வலு தூரத்திலை சுட்டு, வேகம் செத்து வந்த வெடி.”

குளத்துக்கு அக்கரையிலும் அன்று ஒரு கூட்டம் வேட்டைக்கு வந்திருந்தது. அவருக்கும் தெரியும். ஒருநாளும் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். மிதுஷா பயந்துபோய் எழும்பினாள்.

“அலெக்ஸின்ர அப்பாவுக்கு ஒரு கோல் எடு பிள்ளை. நான் கதைக்கப்போறன்.”

நம்பாமல் பார்த்தாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவரை முதுகில் போட்டுக்கொண்டு வயல் வரம்பால் மூன்று மைல் ஓடினவன் இக்னேசியஸ். சுட்ட குற்றத்துக்குத்தான் சுமக்கிறான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.