சோலைச்சாமி பேரில் ஒரு வரி

இனிமேல் சோலைச்சாமி ஒரு எழுத்துகூட எழுத மாட்டார் என்ற நிம்மதியில் மாரிசெல்வம் அரிவாளைத் துடைத்தான். துடைக்க எடுத்தது அவர் தோளில் கிடந்த துண்டைத்தான்.

நட்ட நடுப்பகல். பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த அவருடைய நெட் சென்டரின் ஷட்டரை உள்ளே இருந்து இறக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருந்தான். முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களையும் கடப்பாறையால் நொறுக்கினான். பிறகு அவருடைய வலது கையை மேசைமேல் வைத்து அழுத்தி, மணிக்கட்டில் ஒரே போடு. கை முழுதாகப் போகாமல் தொங்கியது. இரண்டாவது வெட்டுக்குத் தனக்கு மனசு கூசியதை முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டான்.

முதலாளி பொன்ராஜ், திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயில் மண் அள்ளுகிறவர். பத்து லோடுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு நூறு லோடு அள்ளுகிற மகராசன். அந்த லாரிகளை எவனோ இன்டர்நெட்டில் ஒரு பட்டியலில் தேதி, நேரம், நம்பர் என்று வரிவரியாக ஏற்றிக்கொண்டிருந்தான். இங்கே ஒரு வரி விழுந்தால் அந்த நொடியே சுற்றுவட்டாரம் முழுக்கப் போனில் தெரிந்தது, மதுரையில் மண் கேஸ் நடத்தும் வக்கீலுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பேர் சோலைச்சாமி என்றே இருந்தது.

ஒருமுறை பொன்ராஜின் ஆட்கள் அதற்குள் புகுந்து மொத்தத்தையும் அழித்துப் பார்த்தார்கள். சாயங்காலமே எல்லா வரியும் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. சில நாள் லாரி கண்மாய்க்கு வந்து சேரும் முன்பே அதன் நம்பர் ஏறியிருந்தது. கிழவன் மரத்துக்கு மரம் ஆள் வைத்திருக்கிறான் என்று பொன்ராஜ் பல்லைக் கடித்தார்.

“எழுதுற கை இருக்கக் கூடாதுலே” என்று நேற்று மாரிசெல்வத்திடம் சொன்னார்.

இவனுக்கு அரிவாள் வேலை எப்போதாவதுதான். தினமும் காலையில் வீட்டு வாசலில் நின்று, எந்த லாரி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று டிரைவர்களுக்குப் போனில் கத்திச் சொல்வதுதான் வழக்கமான வேலை.

சோலைச்சாமி சுவரோடு சரிந்து கிடந்தார். அவன் எறிந்த துண்டைப் பல்லால் கடித்து இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

“பேருதாண்டா என்னது. எழுதுறது நான் இல்ல.”

உயிர்ப் பயத்தில் பொய் சொல்கிறார் என்று நினைத்தான். நெஞ்சில் ஒரு மிதி மிதித்துவிட்டு, ஷட்டரைத் தூக்கி வெளியே வந்து பைக்கை எடுத்தான்.

முதலில் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்ற வேண்டும். வீட்டில் மனைவி கனகலட்சுமி ஏன் எதற்கு என்று கேட்க மாட்டாள். போன ஐப்பசி மழையில் கண்மாயில் இவர்கள் மண் அள்ளிய குழி நிறைந்தபோது அவள் அக்கா மகள் அதில் விழுந்து செத்தாள். அன்றிலிருந்து புருஷனோடு பேச்சு இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். கோபம் தீர்ந்தால் தானாகப் பேசுவாள் என்று இவனும் விட்டுவிட்டான்.

பாதி வழியில் பொன்ராஜ் கூப்பிட்டார்.

“கெழவன வெட்டுனியா இல்லியாலே?”

“வெட்டிட்டேன் மொதலாளி.”

“அப்ப இந்த நிமிசம் ஒரு வரி விழுந்திருக்கே, சோலைச்சாமி பேருல. அவனுக்கு எத்தன கைலே?”

மாரிசெல்வம் பிரேக்கை அழுத்தினான். பைக்கை ஓரங்கட்டினான். தன்னுடைய கம்ப்யூட்டர் ஆள் விசாரித்துவிட்டதாக பொன்ராஜ் விவரம் சொன்னார். அந்தப் பட்டியலில் எழுத ஆளுக்கொரு கணக்கு தொடங்குகிற பொறுமை இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கே இருக்கிறது? கிழவர் தன் பேரில் ஒன்றைத் தொடங்கி, நம்பிக்கையானவர்களுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். எங்கே உட்கார்ந்து யார் எழுதினாலும் சோலைச்சாமி என்றுதான் விழும்.

“இப்ப எழுதுன கை எதுவோ, பொழுது சாயிறதுக்குள்ள அது எங்கிட்ட வரணும். வரலேன்னா உன் கைய எடுப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவர் சொன்னால் செய்கிறவர். போன வருஷம் ஒரு டிரைவரின் காலை அவர் எடுத்தபோது, டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தவனே மாரிசெல்வம்தான்.

வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான். எதிரே இருந்த குடத்தைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் மோதி நசுங்கியது. மூலையில் போனோடு உட்கார்ந்திருந்த கனகலட்சுமி அசையவில்லை.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சட்டையில் இருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். பாவம், அந்த மனுஷனைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்றான். ஊர் ஊராகப் போய் ஒவ்வொருத்தனையும் இழுத்துப் போட்டு மிதிப்பேன், எழுதியவன் எவன் என்று தெரிந்தால் மணிக்கட்டோடு வெட்டி எடுப்பேன், எனக்கு என் கை வேண்டும் என்று கத்தினான். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கனகலட்சுமி ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். போனைத் திண்டின்மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டாள். வலது கையை எடுத்துக் கல்மேல் வைத்தாள்.

“எங்கயும் அலைய வேணாம். இந்தக் கைதேன்.”