காம்ப் அனுபவம்

வெள்ளவத்தையில், காலி வீதிக் கட்டடமொன்றின் மொட்டை மாடி. நேர்முகத்துக்கு வந்த ஷெல்டன், எந்தக் கம்பியை எதற்குள் செருகுவது என்று தெரியாமல் கூடாரத்தின் விளக்கத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனோடு போட்டிக்கு வந்த சாருஜாவோ தன் கூடாரத்தைக் கட்டி முடித்து, மழைத்தண்ணீர் வடிந்தோட எங்கே வாய்க்கால் வெட்டலாம் என்று சிமெந்துத் தரையில் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அபிஷனுக்கு வாயெல்லாம் பல். லண்டனில் வளர்ந்து, போன வருடம்தான் கொழும்புக்கு வந்தவன், காட்டுக்கும் மலைக்கும் உல்லாசமாகப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கக் கம்பனி தொடங்கியிருந்தான். எல்லா வேலைக்கும் உதவும் ஒரே மடிப்புக் கருவியை வடிவமைக்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரேயொரு ஆள்.

விண்ணப்பத்தில் ‘காம்ப் அனுபவம்?’ என்று ஒரு கேள்வி. ஷெல்டன் ‘நுவரெலியாப் பக்கம் மூன்று இரவு’ என்று எழுதிப் படமும் ஒட்டியிருந்தான். சாருஜா ‘உண்டு’ என்பதோடு நிறுத்தியிருந்தாள்.

அவளுக்கு இது ஐந்தாவது நேர்முகம். இதுவும் கைநழுவினால் அறையைக் காலி செய்து ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதான். பயத்தை முகத்தில் காட்டாமல், தான் வரைந்துவந்த கருவியின் படத்தை நீட்டினாள்.

ஷெல்டன் வரைந்த படத்தில் இருபத்தொரு கருவிகள். மரம் அரியும் வாள், திசைகாட்டி, விசில், டோர்ச், வைன் போத்தலின் தக்கையை இழுக்கும் சுருள்கூட இருந்தது. சாருஜாவின் படத்தில் ஐந்தே ஐந்து.

“முதல்ல கரண்டியோ? இதென்ன குசினிச் சாமானா?” என்றான் அபிஷன்.

“பசிதான் முதல்ல வரும், சேர்.”

“கத்தி ஏன் சுண்டுவிரலளவு?”

“பெரிசெண்டா பறிச்சுப்போடுவினம்.”

“ஆர், குரங்கோ?”

“குரங்கெண்டா கல்லெறிஞ்சாவது திருப்பி வாங்கலாம், சேர்.”

அபிஷன் விழுந்து விழுந்து சிரித்தான். “சரி, இந்தக் கொழுக்கி?”

“அது வாளிக்கு. லைனில நிண்டு தண்ணி நிரப்பிக்கொண்டு வரேக்க வாளிக் கம்பி கையை வெட்டும். இதில கொழுவித் தூக்கினா வெட்டாது.”

“ஆத்தில தண்ணி அள்ள ஏன் லைன்?” என்று ஷெல்டன் குறுக்கே விழுந்தான்.

“நல்ல இடமெண்டா சனம் கூடத்தானே!” என்று அபிஷனே அவளுக்காகப் பதில் சொல்லிவிட்டான். சாருஜா படத்தில் அடுத்த கருவிக்கு விரலை நகர்த்தினாள்.

“ஊசி, கூடாரத் தறப்பாள் கிழிஞ்சா தைக்க. மற்றது, மீன் ரின் மூடி வெட்ட. பிடியில வெறுமையா விட்ட இடத்தில பேர் கீறலாம், சேர். எல்லாரிட்டையும் ஒரே சாமான் இருந்தா மாறிப்போகும்.”

“விசிலும் டோர்ச்சும் இல்லையே?” என்று கேட்டான் ஷெல்டன்.

“ராவில வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் இருக்கிறதுதான் காம்பில நல்லது.”

“கேட்டியா ஷெல்டன்? மிருகங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாது!” அபிஷன் மேசையில் ஓங்கித் தட்டினான். “வேலை உங்களுக்குத்தான், சாருஜா.”

சாருஜாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நல்ல பிள்ளையான ஷெல்டன், கையில் கம்பியை வைத்துக்கொண்டே கைதட்டினான்.

நியமனக் கடிதத்தை முன்னால் இழுத்தபடி அபிஷன் கேட்டான். “உண்மையைச் சொல்லுங்கோ, ஒரேயடியா எத்தனை நாள் காம்பில நிண்டிருக்கிறீங்கள்?”

“எட்டு மாசம், சேர்.”

“எட்டு மாசமோ! அவ்வளவு நாள் லீவு ஆர் உங்களுக்குத் தந்தது?”

சாருஜா, அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பார்த்திருந்து, கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து, சிப்பையும் இழுத்து மூடினாள்.

“அது ரெண்டாயிரத்து ஒன்பது, சேர். லீவு கேட்டனாங்கள், ஆரும் முள்ளுக்கம்பிக்கு வெளியில விடேல்லை.”