மெரிலேண்ட்ஸில் தங்கிய மாப்பிள்ளை

"ஆரோ எங்களுக்கு மேல மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கினம்."

நோர்வேயிலிருந்து வந்த மின்னஞ்சலை மூன்றாவது தடவையாக வாசித்துவிட்டு வின்சன்ட் சொன்னார்.

சிட்னியின் லிட்கம்மில் ஞாயிறு காலை. தேவாலயப் பூசைக்கு வெளிக்கிட்ட குடும்பம், உடுத்த உடுப்போடு குசினி மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

மகள் ஜெனோஜாவுக்கும் நோர்வேயில் வேலை பார்க்கும் பிரதீப்குமாருக்கும் பெப்ரவரியில் சிட்னியில் எழுத்து நடந்தது. பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டாயிற்று, சட்டப்படி புருஷன் பெண்சாதி. ஜூலையில் நோர்வேயில் கோயில் கலியாணம். அதற்குள் ஜெனோஜாவுக்கு அங்கே வதிவிட அனுமதி கிடைக்கவேண்டும். மண்டபம் பிடித்தாயிற்று, அவள் இங்கே வேலையையும் விட்டாயிற்று.

மின்னஞ்சல் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. கணவர் மூன்று வாரம் சிட்னியில் இருந்தும் மனைவியோடு ஒரு நாள்கூட ஒரே வீட்டில் தங்கவில்லையே, ஏன்? பதினான்கு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

"பிரதீப் உங்கட அண்ணர் வீட்டில, மெரிலேண்ட்ஸில நிண்டது நோர்வேக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் மனைவி கமலினி.

"அதைத்தான் சொல்லுறன். பேர் போடாமல் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் காணும். கலியாணமே பொய் எண்டு முடிவு கட்டிப்போடுவாங்கள். பிறகு நாங்கள் தலைகீழா நிண்டாலும் நம்பமாட்டாங்கள்."

"அப்பா, நான் சொல்லுறதைக்..."

"நீ சும்மா இரு பிள்ளை!"

மே மாதக் குளிரிலும் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

மாப்பிள்ளையை மெரிலேண்ட்ஸுக்கு அனுப்பியதே அவர்தான். "எழுத்துத்தானே முடிஞ்சது, தாலி ஏறேல்லையே. கோயிலில கட்டும் வரைக்கும் ஒரு வீட்டில படுக்க விடமாட்டன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரதீப்பும் தினமும் காலையில் வந்து, சாப்பிட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போனான்.

"இது அஞ்சலீனா அக்கான்ர வேலைதான்" என்றாள் கமலினி. "பின் தெருவில இருந்துகொண்டு எங்கட வீட்டைத்தானே பார்க்கிறா. மாப்பிள்ளை ஏன் அங்க நிக்கிறார் எண்டு கோயில் வாசலில ரெண்டு தரம் கேட்டவ."

"இருக்கும். அவ வஞ்சம் தீர்க்கிறா."

"வஞ்சமோ? நாங்கள் அவவுக்கு என்ன செய்தனாங்கள்?"

வின்சன்ட் எழுந்து போய் யன்னல் திரையை இழுத்து மூடினார்.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தது ஜெனோஜா. வாசலில் அஞ்சலீனாவே நின்றாள், கையில் ஒரு கடித உறையோடு. வின்சன்ட் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"நேற்று மெயில் வந்த உடனையே நான்தான் அன்ரியிட்டச் சொல்லி வரச்சொன்னனான்" என்றாள் ஜெனோஜா. "சொல்ல விட்டால்தானே? ஒருத்தரும் பெட்டிசம் போடேல்லை அப்பா. சேர்ந்து வாழ்ந்தனீங்களா எண்டு ஃபோர்மில கேட்டிருந்தது. இல்லையெண்டு நான்தான் எழுதினனான். பிரதீப் நிண்ட அட்ரஸையும் போட்டனான். உண்மையைத்தானே எழுதவேணும்?"

கமலினி அவசரமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

அஞ்சலீனா உறையை நீட்டினாள். "எழுத்து நடந்த அண்டைக்கு நானும் நிண்டனான்தானே. கோயில் கலியாணம் வரைக்கும் பிரிஞ்சிருக்கிறது எங்கட வழக்கம் எண்டு வடிவா விளங்கப்படுத்தி எழுதியிருக்கிறன். விடிய முதல் பூசைக்குப் போய் எங்கட கோயில் சுவாமியாரிட்டையும் ஒரு கடிதம் வாங்கியந்தனான். ரெண்டும் காணும், பயப்பிடாதேங்கோ."

"எங்களுக்காக உங்களுக்கு ஏனக்கா இந்தக் கரைச்சல்?"

"என்ர மகன் நிஷானுக்கு நடந்தது உங்கட பிள்ளைக்கு நடக்கக்கூடாது, கமலினி."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஒன்பது வருஷமாச்சு. மன்னாரில எழுத்து முடிஞ்சு, பொம்பிளை தாய் வீட்டில, இவன் என்ர தம்பி வீட்டில. பிறகு இஞ்ச விசாவுக்குப் போட்டம். ஒண்டா இருக்காத கள்ளக் கலியாணம் எண்டு ஆரோ இமிகிரேஷனுக்கு மொட்டைக் கடிதம் எழுதிப்போட்டினம். அந்த வருஷம்தான் என்னைக் கோயில் திருநாள் கமிட்டிக்குத் தலைவியாப் போட்டவை. ஆருக்கு என்ன எரிச்சலோ. விசா இல்லையெண்டிட்டாங்கள். மூண்டு வருஷம் அப்பீல் எண்டு அலைஞ்சம். அந்தப் பிள்ளையும் பாவம், பொறுத்துப் பார்த்திட்டு விட்டிட்டுது. நிஷான் இண்டைக்கும் தனியத்தான். அதுதான் மாப்பிள்ளை மெரிலேண்ட்ஸில எண்டு கேட்ட உடனை எனக்கு நெஞ்சு பதறினது."

உறையை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல், "போட்டு வாறன்" என்று போய்விட்டாள்.

கமலினி கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இந்த மனுஷியையே நான் சந்தேகப்பட்டன்? ஒரு பெடியன்ர வாழ்க்கையையே அழிச்சிருக்கினம். அப்பிடி ஆருங்கோ, என்னத்தைப் பக்கம் பக்கமா எழுதியிருப்பினம்?"

வின்சன்ட் மேசையில் கிடந்த உறையைத் தொடப் பயந்தவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு பக்கம்தான் எழுதினனான், கமலினி."